வாதம் அடிச்ச காலும் நடக்கும்!

சேலம்-

"ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டார். விடிஞ்சு பார்த்தா ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு!"

சேலம், நாமக்கல் பக்கம் பக்கவாதம் வந்த வீடுகளில் கேட்கிற பேச்சு இது. "இனி அவ்வளவுதான்" என்று கட்டிலில் போட்டுவிடுகிறார்கள். அது தப்பு!

எம்.ஜி.ஆர். நடந்தார்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'யில் (1950) கதாநாயகன் எம்.ஜி.ஆர். முதல்-மந்திரியாக இருந்த அவரையே 1984 அக்டோபரில் பக்கவாதம் தாக்கியது. அப்பல்லோவில் இருந்து அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். சிறுநீரகமும் மாற்றினார்கள். 1985 பிப்ரவரி 4-ந் தேதி ஊர் திரும்பினார். பேச்சு முழுசாக வரவில்லை. நடை வந்தது!

எப்படி?

மூளையில் செத்த பகுதி பிழைக்காது. மற்ற பகுதிகள் அந்த வேலையைப் பழகிக்கொள்ளும். தினமும் பழக்க வேண்டும். முதலில் உட்கார, அப்புறம் நிற்க, அப்புறம் பிடித்துக்கொண்டு நடக்க. முதல் 3 மாதம் ரொம்ப முக்கியம்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கவும் ஏற்பாடு உண்டு.

4½ மணி நேரம்!

வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குளறினாலோ உடனே 108-க்கு போன் செய்யுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

புறா ரத்தம் தேய்த்துப் பொழுதைப் போக்கினால், போன நேரம் திரும்பாது!