கலங்கிய பையைக் கொட்டிவிடாதீர்கள்

எங்கள் மலையூரான சின்னக்கானலிலிருந்து வாரம் மூன்று முறை ரத்த டயாலிசிஸுக்குப் போய்வருவது எவ்வளவு பெரிய பாடு என்று இங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். மழைக்காலத்தில் கேப் ரோட்டில் மண் சரியும். பொழுது சாய்ந்தால் ஆனையிறங்கல் பக்கம் யானை நிற்கும். 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்துக்கொண்டுபோன பிறகும் அந்தப் பயம் விடவில்லை. அதனால்தான் வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று டயாலிசிஸ் எங்கள் மலைக்காரர்களுக்கு ஏற்றது என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து நர்ஸானவள் நான். பை மாற்றக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை.

வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விடுவோம். குடலைப் போர்த்தியிருக்கும் சவ்வின் வழியே ரத்தத்தில் உள்ள கழிவு அதில் இறங்கும். நாலைந்து மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதுத் திரவம் விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை இப்படி. ஒவ்வொரு முறையும் குழாயின் வாயைத் திறக்கிறோம். கிருமி நுழைவது பெரும்பாலும் அந்தச் சில நொடிகளில்தான்.

வடியும் திரவம் தெளிவாக இருக்க வேண்டும். பைக்கு அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி, வயிறும் வலித்தால் சவ்வில் தொற்று என்று சந்தேகப்பட வேண்டும். பரிசோதனையில் ஒரு மைக்ரோலிட்டரில் 100-க்கு மேல் வெள்ளையணுக்களும், அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்களும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். வழக்கமான குற்றவாளிகள் நம் தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸும், குடலில் வாழும் ஈ.கோலை போன்றவையும். முதல் மருந்துகள் இவற்றை மனதில் வைத்துத்தான் தொடங்கப்படும்.

அபூர்வமான கிருமிகள் வேறு வழிகளில் வருகின்றன. பூனையின் வாயில் வாழும் பாஸ்டுரெல்லா, பூனை கடித்த டயாலிசிஸ் குழாய் வழியாக ஒரு நோயாளிக்குத் தொற்றியதை 1987-ல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். இரவில் மெஷினில் டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு நீளமான குழாய் கட்டிலில் கிடக்கும். பூனைக்கு அது விளையாட்டுப் பொருள். தண்ணீரில் வாழும் ரோசியோமோனாஸ் என்ற கிருமியும் உண்டு. காசநோய்க் கிருமியின் உறவுக்காரர்களான சில மைக்கோபாக்டீரியங்களும் தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கின்றன. இந்த மைக்கோபாக்டீரியங்கள் வளர்ந்து தெரியச் சாதாரணக் கிருமிகளைவிட அதிக நாளாகும், பெரும்பாலும் குழாயையே எடுக்க வேண்டிவரும். குழாய் வெளிவரும் இடத்தில் ஓடைத் தண்ணீர் படக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற ஓர் அக்காவின் திரவத்தை லேபில் வளர்த்துப் பார்த்த கல்ச்சரில் பான்டோயா வளர்ந்தது. செடிகளிலும் மண்ணிலும் வாழும் கிருமி அது. சாம்பிளில் வெளியிலிருந்து கலந்திருக்கும் என்று முதலில் ஒதுக்கிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

"அக்கா, தோட்ட வேல எதுவும் செஞ்சீங்களா?"

"பின்னாடி பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டேன் தங்கச்சி. முள்ளு குத்திச்சு. தொடச்சிட்டு வந்து பை மாத்திட்டேன்."

டாக்டரிடம் சொன்னேன். மறுபடி எடுத்த கல்ச்சரிலும் அதே கிருமி. அதற்குக் கேட்கும் மருந்துக்கு மாற்றினார்கள், திரவம் தெளிந்தது, குழாயும் தப்பியது.

அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள். பூனை, மாடு, காய்கறிப் பாத்தி, குளிக்கும் தண்ணீர், கையில் கீறல், எல்லாம். லேபில் ஓர் அறியாத பெயர் வளரும்போது, அது உண்மையான நோயா, தவறிக் கலந்ததா என்று முடிவுசெய்ய இந்த விவரங்கள் உதவும். மாஸ்க் போட்டு, சோப்பால் கை கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குழாயைத் தொடுங்கள். பை மாற்றும் அறைக்குள் பூனையை விடவே விடாதீர்கள்.

கலங்கிய பையைப் பயத்தில் கழிவறையில் கொட்டிவிடுகிறவர்கள் நிறைய. அப்படியே மூடி எடுத்துவாருங்கள். சாம்பிள் ஆறு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும், முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே எடுக்கவும் வேண்டும். கோட்டயத்துக்கோ, போடிமெட்டு இறங்கித் தேனி மெடிக்கல் காலேஜுக்கோ போகிற வழியில் மண் சரிந்தால் அந்த நேரம் கரைந்துவிடும். ஆனால் உள்ளூரிலேயே திரவத்தை ரத்த கல்ச்சர் பாட்டில்களில் ஏற்றி, 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால் கிருமி உள்ளே வளரத் தொடங்கிவிடும். பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ், இரண்டு பாட்டில், ஒரு சின்ன இன்குபேட்டர். நோயாளிகளை வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளச் சொல்லும் அரசு, மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.