கட்டைக்குள் இருக்கும் காற்று

மீன் தொட்டிக்குள் வைப்பதற்கென்றே வேர் போல முறுக்கிக்கொண்ட கட்டைகள் விற்கிறார்கள். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் ‘டிரிஃப்ட்வுட்’ என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். அதை வாங்கி வந்து தொட்டிக்குள் போட்டால், அடியில் போய் உட்காராமல் மேலே வந்து மிதக்கும்!

மரம் என்றால் மிதக்கத்தானே செய்யும் என்கிறீர்களா? அங்கேதான் வேடிக்கை. மரத்தின் செல் சுவர்கள் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.5 மடங்கு அடர்த்தியானவை. நியாயமாகப் பார்த்தால் கட்டை மூழ்க வேண்டும். மூழ்கவிடாமல் தடுப்பது காற்று. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறிய நுண்குழாய்கள், காய்ந்த பிறகு காற்றால் நிரம்பிவிடுகின்றன. கருங்காலி மரத்தின் வைரத்தில் இந்தக் காற்று இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் அது தண்ணீரில் மூழ்குகிறது.

ஆக, காற்றை விரட்டினால் போதும். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு மேலே ஒரு கல்லை வையுங்கள். வாரக்கணக்கில் ஆகும், பருத்த கட்டை என்றால் இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். பொறுமை இல்லையா? வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிக் கொதிக்க வைக்கலாம். சூட்டில் காற்று விரிந்து, குமிழ் குமிழாக வெளியேறும். அடுப்பை அணைத்ததும் கட்டையை வெளியே எடுத்துவிடாதீர்கள். அதே நீரிலேயே ஆறட்டும். உள்ளே மிஞ்சிய காற்று ஆற ஆறச் சுருங்கும். அந்த இடத்தில் தண்ணீர் நுழையும். சுடச்சுட வெளியே எடுத்தால், அங்கே மறுபடி காற்றுதான் புகும். கொதிக்கும் நீரில் பூச்சி முட்டைகளும் அழிந்துவிடும்.

சோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். மரம் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு மீன்களுக்குக் கொடுக்கும்.

பாத்திரத்து நீர் டீ டிக்காஷன் போலப் பழுப்பாகும். டீயில் துவர்ப்பைத் தரும் டானின் வகைப் பொருள்கள்தான் மரத்திலிருந்தும் இறங்குகின்றன. இவை தண்ணீரைச் சற்றே அமிலத்தன்மை உடையதாக ஆக்கும். பிரேசிலில் ஓடும் ரியோ நீக்ரோ ஆறு முழுக்க இப்படிப்பட்ட கறுத்த நீர்தான். நீலமும் சிவப்புமாக மின்னும் கார்டினல் டெட்ரா மீன்கள் அங்கிருந்து வருபவை. எனக்கு அந்தப் பழுப்பு பிடிக்கும். பிடிக்காதவர்கள் நிறம் குறையும்வரை நீரை மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

தொட்டிக்குள் வைத்த சில நாளில் கட்டைமேல் வெள்ளையாக வழவழப்பு படரலாம். மரத்தில் மிச்சமிருக்கும் சர்க்கரையைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது. பெரும்பாலும் தானே மறையும்; நத்தைகள் இருந்தால் அவற்றுக்கு விருந்து. தென் அமெரிக்காவில் பனாக் என்றொரு கெளுத்தி இனம் உண்டு. அது கட்டையையே சுரண்டித் தின்னும். அதை வளர்க்கும் எண்ணம் இருந்தால், இன்னொரு கட்டையையும் இப்போதே ஊறப்போட்டுவிடுங்கள்!