காருக்கு ஏது தாய்நாடு?

கார் ஓட்டுபவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் அவர்களிடையே முடிவின்றி நீளும் விவாதம் ஒன்று உண்டு. உள்நாட்டு கார் சிறந்ததா, வெளிநாட்டு கார் சிறந்ததா என்பதே அது. வாடகை கார் நிறுத்தங்களிலும், பணிமனைகளிலும், திருமண வீடுகளிலும் இந்த விவாதத்தைக் கேட்கலாம். 'வெளிநாட்டு கார் என்றால் பழுதே ஆகாது. அதன் அழகே தனி' என்பார் ஒருவர். 'பழுதானால் யார் சரிசெய்வது? நம் ஊர் கார் என்றால் எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவார்' என்பார் மற்றவர்.

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த எனக்கு இந்த விவாதம் மிகவும் பயன்பட்டது. காப்பு வரி, போட்டி, நுகர்வோர் விருப்பம் ஆகிய மூன்றையும் மாணவர்களுக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் பெருந்தொகை செலவிடும் பொருள் கார்தான். அந்தக் குடும்பத்தின் உயிர்ப் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பிரிட்டன் கார்களுக்கு இறக்குமதி வரியைப் படிப்படியாக 10 சதவீதமாகக் குறைக்க வழி செய்கிறது. முன்பு இந்த வரி 100 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. எனவே, தேநீர்க் கடை விவாதம் இப்போது அரசின் கொள்கை விவாதமாகவும் ஆகியிருக்கிறது.

முதலில், 'நம்பகத்தன்மை' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கார் எத்தனை முறை பழுதாகிறது என்பது ஒன்று. பழுதான கார் எவ்வளவு விரைவில், எவ்வளவு செலவில் மீண்டும் சாலைக்கு வருகிறது என்பது மற்றொன்று. வெளிநாட்டு காரைப் புகழ்பவர் முதலாவதைப் பேசுகிறார். உள்நாட்டு காரைப் புகழ்பவர் இரண்டாவதைப் பேசுகிறார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும்.

நாள் வருமானத்தை நம்பியிருக்கும் வாடகை கார் ஓட்டுநருக்கு ஆண்டுக்கு நான்கு முறை பழுதாகி அன்றே சரியாகும் கார் இழப்பு தராது. ஆண்டுக்கு ஒரே முறை பழுதானாலும், உதிரி பாகத்துக்காக ஒரு மாதம் காத்து நிற்கும் கார்தான் அவரைக் கடனாளியாக்கும். அம்பாசடர் கார் பல்லாண்டுகள் வாடகை கார்களின் அரசனாக விளங்கியதற்கு இதுவே காரணம். அதன் இயந்திரம் எளியது. பாகங்கள் சிற்றூர்க் கடைகளிலும் கிடைத்தன.

ஒப்பீட்டிலும் ஒரு பிழை இருந்தது. 1960-களிலும் 1970-களிலும் நம் சாலைகளில் காணப்பட்ட வெளிநாட்டு கார்கள் பெரும்பாலும் செல்வந்தர்களிடமும் திரைக் கலைஞர்களிடமும் தூதரகங்களிலும் இருந்தவை. அவை குறைந்த தொலைவே ஓடின. நல்ல பராமரிப்பும் பெற்றன. உள்நாட்டு கார்களோ இரவும் பகலும் மேடுபள்ளங்களில் அளவுக்கு மீறிய சுமையுடன் ஓடின. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்து நாட்டின் பெயரால் தீர்ப்பு எழுதுவது முறையாகாது.

ஆயினும், அன்றைய உள்நாட்டு கார்களின் தரம் குறைவாக இருந்தது என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. அதற்கான காரணத்தை வரலாற்றில் தேட வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் மும்பையில் காரின் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டி விற்று வந்தது. ஃபோர்டு நிறுவனமும் அவ்வாறே செய்தது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இனி இடமில்லை என்று 1953-இல் மத்திய அரசு முடிவெடுத்ததைத் தொடர்ந்து இரண்டும் வெளியேறின.

அதன்பின் கார் வாங்க விரும்பியவருக்கு இருந்த தேர்வுகள் மிகச் சில. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாரான ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர், மும்பை குர்லாவில் தயாரான பிரீமியர் நிறுவனத்தின் ஃபியட், சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஆகியவையே அவை. இவற்றின் வடிவமைப்புகளும் பிரிட்டனிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்தவைதான். அம்பாசடரின் மூல வடிவம் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. 'உள்நாட்டு கார்' என்று நாம் பெருமையுடன் அழைத்ததன் பிறப்பிடம் அயல்நாடே.

எத்தனை கார்கள் தயாரிக்கலாம் என்பதற்கும் அரசின் உரிமம் தேவைப்பட்ட காலம் அது. பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். வாங்குபவர் வரிசையில் நிற்கும்போது விற்பவர் ஏன் தரத்தை உயர்த்த வேண்டும்? கதவு சரியாக மூடவில்லை என்றாலும், மழைநீர் உள்ளே ஒழுகினாலும், 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பும் வலிமை வாங்குபவரிடம் இல்லை. குறை தொழிலாளியின் கையிலோ பொறியாளரின் அறிவிலோ இல்லை. வாங்குபவர் மறுக்க இயலாத சந்தையில்தான் இருந்தது.

அழகு விஷயத்திலும் இதே நிலைதான். காரின் வெளித் தோற்றத்தை மாற்ற வேண்டுமானால் இரும்புத் தகட்டை வடிவமாக்கும் அச்சுகள் அனைத்தையும் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்குப் பெரும் முதலீடு தேவை. பல லட்சம் கார்கள் விற்றால்தான் அந்தச் செலவு ஒரு காருக்குச் சிறு தொகையாகும். உற்பத்திக்கு உச்சவரம்பும் போட்டியின்மையும் இருக்கும் இடத்தில் புதிய வடிவத்துக்கு யாரும் செலவிட மாட்டார்கள். 1950-களின் இறுதியில் அறிமுகமான அம்பாசடர், 2014-இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ அதே தோற்றத்தில் இருந்ததன் பொருளாதாரம் இதுதான்.

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 கார் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டபோது இந்த நிலை மாறத் தொடங்கியது. இந்திய அரசும் ஜப்பானின் சுசூகி நிறுவனமும் இணைந்து நடத்திய நிறுவனம் அது. அதற்கும் இறக்குமதி வரியின் பாதுகாப்பு இருந்தது. ஆனால் ஒரு வேறுபாடு: குறிப்பிட்ட காலத்துக்குள் பெரும்பாலான பாகங்களை உள்நாட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதன்மீது இருந்தது. அதனால், தரமான பாகங்களைத் தயாரிக்கும் நூற்றுக்கணக்கான தொழிற்கூடங்கள் உருவாயின. 1993-இல் கார் உற்பத்திக்கான உரிம முறை நீக்கப்பட்டபோது, பிற நிறுவனங்கள் வந்து காலூன்ற இந்த அடித்தளமும் உதவியது.

வளரும் தொழிலுக்குத் தொடக்கத்தில் பாதுகாப்பு தேவை என்ற கொள்கை பொருளாதாரத்தில் பழையது. நாற்றங்காலுக்கு வேலி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், நாற்று எப்போது நடப்படும் என்ற கெடு இல்லாத வேலி, பயிரைக் காப்பதில்லை, வளர்ச்சியைத் தடுக்கிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவமன்று. உலகின் மிகப் பெரிய கார் தொழிலைக் கொண்டிருந்த அமெரிக்காவிலும் இதே விவாதம் 1970-களில் அனல் பறந்தது. எரிபொருள் விலை உயர்ந்தபோது சிறிய, பழுது குறைந்த ஜப்பானிய கார்களை அமெரிக்கர்கள் நாடினர். உள்நாட்டு நிறுவனங்களின் நெருக்கடியைத் தணிக்க, ஆண்டுக்கு 16.8 லட்சம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று 1981-இல் ஜப்பான் ஒப்புக்கொண்டது. விளைவு என்ன? ஜப்பானிய நிறுவனங்கள் விலை கூடிய கார்களை அனுப்பின. அமெரிக்காவிலேயே ஆலைகளையும் தொடங்கின. 1982-இல் ஒஹையோ மாநிலத்தில் ஹோண்டாவின் கார் உற்பத்தி தொடங்கியது.

அதைவிடப் பெரிய பாடம் கலிஃபோர்னியா மாநிலத்தின் ஃப்ரீமான்ட் நகரில் கிடைத்தது. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, தரக் குறைவுக்கும் தொழிலாளர் தகராறுகளுக்கும் பெயர் பெற்றிருந்தது. 1982-இல் அது மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே ஆலையைத் திறந்தன. பணிக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. ஆனால், குறையைக் கண்டால் உற்பத்தி வரிசையையே நிறுத்தும் உரிமை சாதாரணத் தொழிலாளிக்கு வழங்கப்பட்டது. விரைவிலேயே அந்த ஆலையின் கார்கள் ஜப்பானில் தயாரானவற்றுக்கு இணையான தரத்தை எட்டின. நாடும் மனிதர்களும் மாறவில்லை. மாறியது நிர்வாக முறைதான்.

அந்த ஆலையில் ஏறத்தாழ ஒரே மாதிரியான கார்கள் டொயோட்டா பெயரிலும் அமெரிக்கப் பெயரிலும் தயாராயின. ஆயினும் பழைய கார் சந்தையில் டொயோட்டா பெயர் தாங்கிய காருக்கே கூடுதல் விலை கிடைத்தது. ஒரு முறை இழந்த நற்பெயரை மீட்பது, தரத்தை மீட்பதைவிடக் கடினமானது என்பதற்கு இதுவே சான்று.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. ஜப்பானில் 1951 முதல் வழங்கப்படும் டெமிங் விருது, தர மேலாண்மையின் உயரிய அங்கீகாரம். 1998-இல் சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு இந்தியாவிலேயே முதலாவதாக அவ்விருதைப் பெற்றது. தரம் ஒரு நாட்டின் பிறப்புரிமையன்று, பயிற்சியால் கைவருவது என்பதை நம் தொழிலாளர்களே மெய்ப்பித்திருக்கிறார்கள்.

இன்று 'உள்நாடு', 'வெளிநாடு' என்ற பிரிவே மங்கிவிட்டது. தமிழகத்தில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் கார், 2018 முதல் சில ஆண்டுகள் அமெரிக்காவில் 'இறக்குமதி' காராக விற்பனையானது. அமெரிக்கப் பெயர், தமிழர் உழைப்பு! மாருதியின் ஃப்ரான்க்ஸ் கார் 2024-இல் ஜப்பானுக்கே ஏற்றுமதியானது. பிரிட்டனின் ஜாகுவார், லேண்ட் ரோவர் ஆகியவை 2008 முதல் டாடா குழுமத்தின் உடைமை. அங்கிருந்து வரும் காருக்கு வரி குறைந்தால் பயன்பெறுவோரில் ஓர் இந்திய நிறுவனமும் உண்டு.

வெளிநாட்டுப் பெயர் பாதுகாப்பைத் தருமா? 2014-இல் 'குளோபல் என்கேப்' அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களின் அடிப்படை வகைகளை மோதல் சோதனைக்கு உட்படுத்தியது. மாருதி, டாடா கார்களுடன் ஹூண்டாய், ஃபோர்டு, ஃபோக்ஸ்வேகன் கார்களும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அந்த வகைகளில் காற்றுப்பை இல்லை. சட்டம் கேட்கவில்லை, எனவே நிறுவனங்கள் தரவில்லை. காற்றுப்பை பொருத்தப்பட்ட ஃபோக்ஸ்வேகன் போலோ அதே சோதனையில் நான்கு நட்சத்திரங்களைப் பெற்றது. 2018-இல் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரங்களை எட்டியது. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலையில் கட்டாயமானது. சட்டமும் நுகர்வோரின் விழிப்பும் சேர்ந்தால் எந்த நாட்டு நிறுவனமும் திருந்தும்.

ஆகவே, கார் வாங்குபவர் நாட்டின் பெயரை ஒதுக்கிவிட்டுச் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். நான் வாங்கப்போகும் வகைக்கே மோதல் சோதனை நடந்திருக்கிறதா? 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்கேப்' மதிப்பீடு நடைமுறையில் உள்ளது. என் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் பணிமனை உள்ளது? உதிரி பாகம் எத்தனை நாளில் கிடைக்கும்? நிறுவனம் எத்தனை ஆண்டு வாரண்டி தருகிறது?

கடைசிக் கேள்வி முக்கியமானது. 1998-இல் அமெரிக்கச் சந்தையில் தரம் குறித்த அவப்பெயரைப் போக்க முனைந்த ஹூண்டாய், இயந்திரத்துக்கும் கியர் பெட்டிக்கும் 10 ஆண்டு அல்லது ஒரு லட்சம் மைல் வாரண்டி அறிவித்தது. தன் பொருள்மீது தனக்கே நம்பிக்கை உள்ளவரால்தான் அத்தகைய வாக்குறுதியைத் தர முடியும். விளம்பரத்தைவிட வாரண்டி பத்திரம் அதிகம் பேசும்.

அரசின் கடமையும் தெளிவானது. வரியை ஒரே நாளில் நீக்கினால் கார், உதிரி பாகத் தொழில்களை நம்பியிருக்கும் தொழிலாளர்கள் பாதிக்கப்படுவர். கெடுவின்றித் தொடர்ந்தால் நுகர்வோர் பாதிக்கப்படுவர். எனவே, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கால அட்டவணைப்படி வரி குறைய வேண்டும். மோதல் சோதனை எல்லா கார்களுக்கும் கட்டாயமாக வேண்டும். ஒரு நிறுவனம் நாட்டைவிட்டு வெளியேறினாலும், அதன் கார்களுக்கு உதிரி பாகங்களும் பணிமனை வசதியும் குறிப்பிட்ட ஆண்டுகள் கிடைப்பதைச் சட்டம் உறுதிப்படுத்த வேண்டும். 2017-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கு விற்பனையை நிறுத்தியபோதும், 2021-இல் ஃபோர்டு உற்பத்தி நிறுத்தத்தை அறிவித்தபோதும் அந்நிறுவனங்களின் கார் உரிமையாளர்களுக்கு ஏற்பட்ட கவலை இனி யாருக்கும் வரக்கூடாது.

'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை வாங்குபவரிடமும், 'குறை இருக்கிறது, நிறுத்து' என்று சொல்லும் உரிமை தொழிலாளியிடமும் இருக்கும் நாட்டில் தயாராகும் கார் நல்ல காராக இருக்கும். அந்த நாடு இந்தியாவாகவும் இருக்க முடியும்.