செவலையின் ரத்தச் சீட்டு



எங்க வீட்டு செவலையை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அறிவியல் பீரியடில் வாசலில் வந்து நின்று என்னைத் திட்டு வாங்க வைத்தவள் அவள்தான். சிப்பிப்பாறை நாய். நம்ம கரிசல் பக்கத்து ஊர்ப் பெயர்தான் அந்த இனத்துக்கும்.

போன பங்குனியில் ஆட்டுக்குப் பின்னால் ஓடும்போது சீமைக்கருவேல முள் காலில் ஏறி உள்ளேயே ஒடிஞ்சு போச்சு. சீழ் வைத்துக் கால் வீங்கிவிட்டது. மயக்க மருந்து கொடுத்துக் கீறி எடுக்க வேண்டும், அதற்கு முன் ரத்தம் பார்க்க வேண்டும் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். சீட்டில் இரண்டு இடத்தில் அம்புக்குறி இருந்தது. சிவப்பணு அளவு 61 சதவீதம், அம்பு மேலே. ரத்தத் தட்டுகள் 1,10,000, அம்பு கீழே. (டெங்கு வந்தா எல்லாரும் பேசுவாங்களே பிளேட்லெட், அதுதான்.) "ரத்தத்தில பெரிய கோளாறு இருக்கு. கீறினா ரத்தம் நிக்காது, ஆபரேஷன் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

"நாய்க்கு எதுக்குடி ரெண்டாவது டாக்டரு?" என்றார் தாத்தா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் சம்பளம் வந்த சனிக்கிழமை, மாமாவின் குட்டியானையில் எங்களை ஏற்றி அனுப்பினார்கள். திருநெல்வேலி பக்கம் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2012இல் ஆரம்பித்தது.

அங்கே டாக்டரம்மா பழைய சீட்டு, எக்ஸ்ரே, கொடுத்த மாத்திரை அட்டை எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார். (நல்லவேளை, நான் எதையும் தூக்கிப் போடவில்லை.) பிறகு செவலையை ரொம்ப நேரம் நிழலில் உட்கார வைத்தார். ஏன் தெரியுமா? நாய் பயந்தால் மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்த சிவப்பணுவை ரத்தத்தில் தள்ளிவிடுமாம். உடம்பில் தண்ணீர் குறைந்தாலும் அந்த எண் ஏறும். அன்றைக்குக் கிளினிக்கில் செவலை நடுங்கின நடுக்கம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரத்தத் தட்டு விஷயம் இன்னும் வேடிக்கை. ரத்தம் எடுக்கும்போது தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால், மெஷின் அதைச் சரியாக எண்ணாது. அதனால் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலிலும் தட்டு குறையும், அதற்கும் சேர்த்துப் பார்த்தார். கிருமி தெரியவில்லை. அங்கங்கே கட்டி இருந்தது. புது ரத்தத்தில் தட்டு 1,40,000, சிவப்பணு 57.

"இப்பவும் அம்புக்குறி இருக்கே டாக்டர்?" என்று கேட்டேன். அப்போது அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. சீட்டில் உள்ள அளவு பொதுவான நாய்களுக்கு உள்ளது. சிவப்பணு 37 முதல் 55 வரை, தட்டு 2 லட்சத்துக்கு மேல் என்று இருக்கும். ஆனால் கிரேஹவுண்ட் மாதிரி ஓட்டக்கார நாய்களுக்கு, நோயே இல்லாமல் சிவப்பணு 60ஐத் தாண்டும், தட்டு ஒன்றரை லட்சத்துக்குக் கீழேயும் நிற்கும். சிவப்பணு அதிகம் என்பதாலேயே வெளிநாடுகளில் கிரேஹவுண்டை ரத்த தானத்துக்கு வைத்துக்கொள்கிறார்களாம்! செவலைக்கும் அதே ஒல்லி உடம்பு, அதே ஓட்டம். "சீட்டை மட்டும் பார்க்காதே பாப்பா, நாயையும் பாரு. ஈறில, வயித்துத் தோல்ல ரத்தப்புள்ளி ஏதாவது இருக்கா?" என்றார். இல்லை.

முதல் டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தட்டு குறைந்திருக்கும்போது கத்தி வைக்கப் பயப்படுவது நியாயம்தான். மறுபடி ஒருமுறை பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

மயக்க மருந்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. கொழுப்பில்லாத இந்த மாதிரி நாய்களுக்குச் சில பழைய மருந்துகள் சீக்கிரம் தெளியாதாம். அதனால் வேறு மருந்து கொடுத்தார்கள். முள் என் சுண்டுவிரல் நீளம்! ரத்தம் சாதாரணமாகவே நின்றது.

இப்போது செவலை லேசாக நொண்டுகிறாள். தாத்தா அவளுக்குத் தன் கையால் கம்பங்கூழ் ஊற்றுகிறார், கேட்டால் இல்லை என்பார். இரண்டு சீட்டும் என் அறிவியல் நோட்டில் இருக்கிறது. பார்க்க வேண்டுமானால் மதிய இடைவேளையில் வாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி