கொரியாக்காரருக்கு உண்டு, துபாய் போனவருக்கு இல்லை

ரேஷன் கார்டு மாநில எல்லை தாண்டுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். பி.எஃப். கடல் தாண்டுமா என்பது இந்த வாரக் கேள்வி.

குமணன்சாவடியிலிருந்து மாங்காடு வழியாகக் குன்றத்தூர் போகும் சாலையில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்துவிடும். முதல் ஷிப்ட் ஆட்கள். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை, ஏறி உட்கார்ந்ததும் தூக்கம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று பிரிந்து போகும் இவர்களின் சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். அதே ஆலைக்குக் கொரியாவிலிருந்து கம்பெனி அனுப்பிவைத்த இன்ஜினீயருக்கு அந்த வரி பெரும்பாலும் இருக்காது. முறைகேடு ஒன்றுமில்லை. இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உரிமை அது.

ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் சான்ட்ரோவை இறக்கியபோது இப்படி ஓர் ஒப்பந்தம் கிடையாது. 2008 அக்டோபரில் மத்திய அரசு ஒரு வேலை செய்தது: இங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவரும் பி.எஃப். கட்ட வேண்டும் என்றது. நம்மவருக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. அவர்களுக்குக் கிடையாது, முழுச் சம்பளத்துக்கும் கட்டணும். கட்டிய பணத்தை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்றும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் ஓய்வூதியத்துக்கு ஒரு பிடித்தம், இங்கே பி.எஃப்.புக்கு இன்னொரு பிடித்தம். கம்பெனிகளுக்குச் சுருக்கென்று தைத்தது.

பேச்சுவார்த்தை வேகம் பிடித்தது. பெல்ஜியத்துடன் முன்பே போட்ட ஒப்பந்தம் 2009-ல் நடைமுறைக்கு வந்தது. கொரியாவுடன் 2011 நவம்பரில், ஜப்பானுடன் 2016 அக்டோபரில். ஊரிலிருந்தே ஒரு சான்றிதழ் வாங்கிவந்து காட்டினால் ஐந்து வருடம் வரை இங்கே கட்ட வேண்டியதில்லை. சியோலுக்கு அனுப்பப்படும் நம் இன்ஜினீயருக்கும் அதே கணக்கு. இப்படிச் சுமார் இருபது நாடுகளுடன் இந்தியாவுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே ஓய்வூதியத் தகுதிக்குப் பத்து வருடக் கட்டணம் வேண்டும், எச்-1பி விசாவோ சாதாரணமாக ஆறு வருடம். ஐ.டி. வேலைக்குப் போய் ஆறாம் வருடம் திரும்பிவந்து இந்தப் பக்கம் ஃபிளாட் வாங்கியவர் அங்கே கட்டியது போனது போனதுதான்.

வளைகுடா நாடு ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. காரணம் எளிது. இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இரட்டைப் பிடித்தத்தைத் தவிர்க்கப் பிறந்தவை. துபாய்க்கு வெல்டராகப் போகிறவருக்கு அங்கே ஓய்வூதியப் பிடித்தமே கிடையாது. இல்லாத பிடித்தத்திலிருந்து விலக்கு கேட்க என்ன இருக்கிறது? அவருக்குக் கிடைப்பது பணிக்கொடை மட்டும்: முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படை என்ற சொல்லில்தான் சூட்சுமம். மொத்தம் 1,500 திர்ஹம், அதில் பேசிக் 800 என்று சீட்டு போட்டிருந்தால், வருடத்துக்கு 560 திர்ஹம். ஐந்து வருட உழைப்புக்கு 2,800. ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி கட்டக்கூடக் காணாது.

வளைகுடா நாடுகளுக்குள் இந்த ஒத்துழைப்பு இல்லாமல் இல்லை. 2006 முதல் ஒரு குவைத் குடிமகன் கத்தாரில் வேலை பார்த்தால் அவருடைய ஓய்வூதியக் காப்பு கூடவே போகிறது. கட்டடம் கட்டப் போனவர்களுக்குத்தான் அது பொருந்தாது. நம் அரசு தன் பங்குக்கு 2012-ல் அவர்களுக்காகத் தொடங்கிய மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனாவும் சேர ஆளில்லாமல் 2017-ல் மூடப்பட்டது.

சாதாரணத் தொழிலாளியின் வைப்பு நிதியை ஒப்பந்தத்தில் எழுத முடியாதா? எழுதியிருக்கிறார்கள். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாகக் கிடந்த ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது, மிச்சத்தைப் பிறகு பேசுவது என்று அந்த மக்களைக் கேட்காமலே பங்கு பிரித்த ஒப்பந்தம். அதன் பெரிய அநியாயத்துக்குள் ஒரு சின்ன நியாயமும் இருந்தது. கப்பலேறும்போது சேமலாப நிதியையும் (வைப்பு நிதிக்கு அங்கே அதுதான் பெயர்) பணிக்கொடையையும் கூடவே எடுத்துப்போகலாம்; ஒரு குடும்பம் கொண்டுபோகும் சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக் கூடாது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய் மறுபடி தேயிலை பறித்த குடும்பங்களுக்கு ஏட்டில் எழுதியபடி எல்லாம் கைக்கு வந்ததா என்பது வேறு கதை. எழுதப்பட்டிருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொழுந்து பறிப்பவரின் நிதியை இரண்டு பிரதமர்கள் பேசியிருக்கிறார்கள்.

இன்று யார் பேசுவது? 2014 காத்மாண்டு மாநாட்டில் புலம்பெயர் தொழிலாளர் விஷயத்தில் சேர்ந்து செயல்படுவோம் என்றது சார்க். அதற்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே கூடவில்லை. 2003-ல் தொடங்கிய கொழும்பு செயல்முறை என்ற அமைப்பில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒருவர் சம்பளத்தை உயர்த்திக் கேட்டால் பக்கத்து நாட்டு ஆளுக்கு வேலை போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும். 2020 செப்டம்பரில், கொரோனா நேரத்தில், வளைகுடா வேலைக்கான குறைந்தபட்சச் சம்பள அளவை இந்தியாவே வெட்டியது. எதிர்ப்பு கிளம்பி அடுத்த வருடம் திரும்பப் பெற்றது. அனுப்பும் நாடுகள் சேர்ந்து ஒரே தொகையைச் சொல்லியிருந்தால் அந்த வெட்டுக்கே அவசியம் வந்திருக்காது.

ஆள் எடுக்கும் நாடுகளில் சில கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன. பஹ்ரைன் 2024 மார்ச் முதல் வெளிநாட்டவரின் பணிக்கொடையை மாதாமாதம் அரசு நிதியத்தில் முதலாளி கட்டும்படி செய்திருக்கிறது. கம்பெனி மூடினாலும் பணம் நிற்கும். மலேசியா 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வைப்பு நிதியைக் கட்டாயமாக்கி, தொழிலாளி 2 சதவீதம், முதலாளி 2 சதவீதம் என்று வைத்திருக்கிறது. மலேசியருக்கு முதலாளி கட்டுவது 12, 13 சதவீதம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். அந்த 2 சதவீதத்தின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)