கைக்குள் ஓர் ஊர் – 9: அத்தை கேட்ட கேள்வி

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் அனுப்பிய அறிவிப்போடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். தகவல்களை ஃபேஸ்புக்குடன் பகிரும் நிபந்தனைகளை பிப்ரவரி 8-க்குள் ஏற்காவிட்டால் கணக்கு இயங்காது என்றார்கள். கோபத்தில் கிளம்பியவர்களின் கூட்டம் தாங்காமல் ஜனவரி 15 அன்று சிக்னல் செயலியே முடங்கியது. வாட்ஸ்அப்பும் கெடுவை மே 15-க்குத் தள்ளிவைத்தது.

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் குழுவிலிருந்து ஆறு பேர் சிக்னலுக்கு மாறினோம். அத்தையையும் கூப்பிட்டேன். "அங்கன யாருப்பா இருக்கா, நான் வர்றதுக்கு?" என்றார்.

பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இந்தப் பக்கத்தில் வெடி விபத்து என்றதும் எந்த ஆபீஸ் (பட்டாசு ஆலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்), எந்த ஊர் வேன் போயிருந்தது, யார் இன்னும் வீடு திரும்பவில்லை என்றுதான் முதலில் தேடுவோம். அன்று அத்தனையும் வாட்ஸ்அப்பில்தான் வந்துகொண்டிருந்தது. வேறோர் ஆபீஸுக்கு வேலைக்குப் போயிருந்த சித்தி மகள், "நான் நல்லாருக்கேன்" என்று பேசி அனுப்பியதும் அதில்தான். நான் அதற்கு முந்தின வாரம் அழித்த செயலியை அன்று சாயங்காலமே திரும்ப ஏற்றினேன். அதற்காக இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. துக்கச் செய்தி வரும் வழியை யாராலும் தனியாக மாற்றிக்கொள்ள முடியாது.

சிக்னலுக்குக் கிளம்பிய கூட்டம் கலைந்த பிறகும் வாட்ஸ்அப் மீதான வழக்கு நடந்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2021 மார்ச்சில் தானாகவே விசாரணைக்கு உத்தரவிட்டது. தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை, நிபந்தனையை ஏற்காதவர்களின் வசதிகளைக் குறைக்க மாட்டோம் என்று ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் சொன்னது. 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு ஆணையம் விதித்தது 213.14 கோடி ரூபாய் அபராதம்; விளம்பரத்துக்காகத் தகவல் பகிர ஐந்தாண்டுத் தடை. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை உறுதிசெய்து, தடையை நீக்கியது. ஏறக்குறைய ஐந்து வருடம்! அதற்குள் அந்தக் கோபமே பலருக்கு மறந்துவிட்டது.

2025 செப்டம்பரில் ஜோஹோவின் 'அரட்டை' செயலி இன்னோர் அலை எழுப்பியது. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்த இடத்தில், மூன்றே நாளில் அது நாளொன்றுக்கு 3,50,000 பேராக உயர்ந்ததாக ஜோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சொன்னார். பக்கத்து தென்காசி மாவட்டத்தில் வேர்விட்டிருக்கும் நிறுவனம் என்பதில் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் அத்தையின் கேள்வி அப்படியே நின்றது.

பிஎஸ்என்எல் எண்ணிலிருந்து ஏர்டெல் எண்ணுக்குப் பேச முடிகிறதே, செய்திச் செயலிகளுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர்? ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், மற்றச் செயலிகளிலிருந்து வரும் செய்திகளுக்கும் வாட்ஸ்அப் வழிவிட வேண்டும் என்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. 2021-இல் நாங்கள் ஆறு பேரும் அதைக் கேட்கவும் இல்லை. அத்தையை இடம் மாறச் சொல்லித்தான் வற்புறுத்திக்கொண்டிருந்தோம்.

(தொடரும்)