‘ரன்’ என்றால் ஓட்டம் மட்டுந்தானா?

எமது தோட்டங்களிலிருந்து போன பிள்ளைகள் பலர் கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை செய்கிறார்கள். அங்கே தமிழும் சிங்களமும் தெரிந்தால் பேச்சுக்குப் போதும். ஆனால் பில்லிலும் வேலைக் கடிதத்திலும் ஆங்கிலம் வந்து நிற்கிறது. அதில் அடிக்கடி வரும் சொல் ‘ரன்’.

‘ரன் என்றால் ஓடு’ என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது சரிதான், ஆனால் அத்தோடு முடியவில்லை. ஆக்ஸ்போர்ட் பேரகராதியைத் தொகுப்பவர்கள் இந்த ஒரு வினைச்சொல்லுக்கு 645 பொருள் கண்டதாக 2011இல் செய்தி வந்தது.

பயப்பட வேண்டாம். பல பொருள் நமக்குத் தெரிந்ததே. மனுசன் ஓடுறதை மட்டுமா நாம் ‘ஓடுது’ என்கிறோம்? பஸ் ஓடுது, கொழுந்து அரைக்கிற மிசின் ஓடுது, தடிமன் வந்தால் மூக்கும் ஓடுது! இதற்கெல்லாம் ஆங்கிலத்திலும் ‘ரன்’ தான். காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் ஓடுவதும் ‘ரன்’. வெள்ளவத்தையில் கடலோரமாக ரயில் பாதை நீண்டு கிடப்பதும் ‘ரன்’. தண்டவாளம் அசையாது. ஆனாலும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறதல்லவா?

கவனிக்க வேண்டிய இடங்கள் நாலு:

1. ‘ஹூ ரன்ஸ் திஸ் ஷொப்?’ - கடையை நடத்துவது யார் என்று கேட்கிறார்கள். முதலாளியின் பெயரைச் சொல்ல வேண்டும்.

2. ‘ரன் அவுட்’ - கிரிக்கெட்டில் ஆட்டமிழப்பது. கடையில் ‘சுகர் ரன் அவுட்’ என்றால் சீனி முடிந்துபோச்சு.

3. ‘ரன் அப்’ - பில், கடன் பற்றிப் பேசும்போது வந்தால் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது என்று அர்த்தம்.

4. ‘த கொன்ட்ராக்ட் ரன்ஸ் ஃபோர் வன் இயர்’ - ஒப்பந்தம் ஒரு வருசத்துக்குத்தான் செல்லும்.

இந்த நாலாவதுதான் முக்கியம். நிரந்தர வேலை என்று நம்பி, ஊரில் கடன்பட்டுப் பிள்ளையை அனுப்புகிறோம். கடிதத்தில் ‘ரன்ஸ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் காலம் எழுதியிருந்தால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, முடிந்ததும் புதுப்பிப்பார்களா என்று கேட்ட பிறகே கையெழுத்துப் போட வேண்டும். விளங்காவிட்டால் ‘தமிழில் சொல்லுங்க ஐயா’ என்று கேட்பதில் வெட்கமில்லை.

இதற்கு ஒரு சின்ன வழி இருக்கிறது. ‘ரன்’ வந்ததும் ‘ஓடு’ என்று முடிவுகட்டாமல், ஓடுவது எது, பின்னால் வரும் குட்டிச்சொல் என்ன என்று பாருங்கள். ஆளா, பஸ்ஸா, கடையா, கடிதமா? அதை வைத்துத்தான் அர்த்தம் மாறும். நேற்று நடந்ததைச் சொல்லும்போது ‘ரன்’ என்பது ‘ரேன்’ ஆகும்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு கொப்பியில் நாளைக்கு ஒரு வசனம் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை சத்தமாக வாசித்தால் பெரியவர்களும் கேட்டுப் பழகலாம்.